பந்து கையில் இருந்தும் புள்ளி இல்லை

எங்கள் அண்ணி வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர். அந்தப் பகுதியைக் 'குட்டி பிரேசில்' என்று பத்திரிகைகள் எழுதுவதில் மிகை அதிகம் இல்லை. மாலை நேரத்தில் முல்லை நகர்ப் பக்கம் போனால் நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் எதையாவது உதைத்துக்கொண்டிருப்பார்கள். இந்திய அணிக்கு ஆடிய நந்தகுமார் சேகர் அந்தப் பக்கத்திலிருந்து போனவர்தான். அண்ணியின் அப்பாவும் இரண்டு தம்பிகளும் கால்பந்து ஆடியவர்கள். திருமணமாகித் தண்டையார்பேட்டைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் அம்மாவின் கோபம் உட்பட எல்லாவற்றுக்கும் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டுதான் வந்திருப்பார். கிரிக்கெட்டைப் பற்றி மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் இரவு ஏழரை மணிக்கு எங்கள் வீட்டில் சீரியல் பேச்சே எடுக்க முடியாது. முதல் வாரம் அண்ணி பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார். இரண்டாவது வாரம் முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார்: "தம்பி, பந்து யாரிடம் இருக்கிறதோ அவர்கள்தானே கோல் போட வேண்டும்? இங்கே பந்தை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு புள்ளியும் ஏறவில்லையே. எதிராளிக்குத்தானே ஏறுகிறது?"

சிறு வயதிலிருந்து இந்த ஆட்டத்தைப் பார்க்கிற எனக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றியதே இல்லை. கிரிக்கெட்டை விளக்க உட்காருகிறவர்கள் 'பதினொரு பேர் கொண்ட இரண்டு அணிகள்' என்று பாடப் புத்தகம் போல ஆரம்பித்து, ஐந்தாவது நிமிடத்தில் கேட்பவரைத் தூங்க வைத்துவிடுவார்கள். அண்ணி கேட்ட கேள்விதான் சரியான வாசல். பந்தை வைத்திருக்கும் அணி ரன் எடுக்கவே முடியாது. கால்பந்து, ஹாக்கி என்று எதைப் பார்த்துப் பழகியவருக்கும் முதலில் இடிக்கும் இடம் இதுதான்.

கிரிக்கெட்டில் இரண்டு அணிகளும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒரு அணி மட்டை பிடித்து ரன் சேர்க்கும். மற்றது பந்து வீசி அதைத் தடுக்கும். பிறகு இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். ஒரு அணி மட்டை பிடிக்கும் அந்த முறைக்கு இன்னிங்ஸ் என்று பெயர். பந்து வீசும் அணிக்கு வருமானம் ரன்னாக வராது, விக்கெட்டாக வரும். அதாவது எதிரணி ஆட்டக்காரர் ஒருவரை வெளியேற்றுவது.

அண்ணியிடம் நான் சொன்ன கணக்கு இது. மட்டை பிடிக்க வரும் அணியின் மடியில் இரண்டு கைமுதல்கள் இருக்கின்றன. ஒன்று, 10 விக்கெட்டுகள். இன்னொன்று, இத்தனை பந்துகள் என்ற அளவு. டி20 ஆட்டத்தில் 120 பந்துகள். இந்த இரண்டையும் செலவழித்து வாங்கும் சரக்குதான் ரன். இரண்டில் எது முதலில் தீர்ந்தாலும் கடையை மூட வேண்டும். ஓங்கி அடித்தால் ரன் வேகமாக வரும், ஆனால் ஆள் அவுட்டாகும் ஆபத்து கூடும். தடுத்து ஆடினால் ஆள் பிழைப்பார், பந்துகள் வீணாகும். களத்தில் நடக்கும் அத்தனையும் இந்த மூன்றுக்கும் நடுவில் நடக்கும் பேரம்தான்.

பதினொரு பேரில் விக்கெட் மட்டும் ஏன் பத்து? மட்டையுடன் எப்போதும் இரண்டு பேர் ஜோடியாக நிற்க வேண்டும். பத்துப் பேர் அவுட்டானால் கடைசி ஆளுக்குத் துணை கிடையாது. அவர் அவுட்டாகாமலே வெளியேறுவார், கணக்கில் அவர் பெயருக்கு எதிரே 'நாட் அவுட்' என்று எழுதுவார்கள்.

இது புரிந்தால் திரையின் மூலையில் இருக்கும் எண்களைப் படித்துவிடலாம். 134/3 (17.2) என்று இருந்தால் 134 ரன், 3 பேர் அவுட். அடைப்புக்குள் இருப்பது ஓவர். ஆறு பந்து ஒரு ஓவர். 17.2 என்பதைப் பள்ளிக்கூடத் தசமமாக எண்ணிவிடக் கூடாது. 17 ஓவர் முடிந்து 18-ஆவது ஓவரில் 2 பந்து வீசியாயிற்று என்று பொருள். அதனால் 17.5-க்கு அடுத்த பந்தில் 18 வந்துவிடும், 17.6 என்று நிற்காது. ஆஸ்திரேலியர்கள் மட்டும் இதைத் திருப்பி 3/134 என்று எழுதுவார்கள். அங்கே நடக்கும் ஆட்டத்தைப் பார்த்து, மூன்று ரன்னுக்கு 134 பேர் அவுட்டா என்று பதற வேண்டாம்.

இனி களம். வட்டமோ நீள்வட்டமோ ஆன மைதானத்தின் நடுவே புல் ஒட்ட வெட்டி, உருளை ஓட்டி இறுக்கிய ஒரு மண் பட்டை. அதுதான் பிட்ச். நீளம் 22 கஜம், ஏறக்குறைய 20 மீட்டர். பழைய நில அளவையர் இழுத்துக்கொண்டு போவாரே ஒரு சங்கிலி, அதன் நீளமும் இந்த 22 கஜம்தான். இரண்டு முனைகளிலும் மும்மூன்று குச்சிகள், அவை ஸ்டம்புகள். தரையிலிருந்து 28 அங்குல உயரம். மூன்றும் சேர்ந்து 9 அங்குல அகலம். அவற்றின் தலையில் இரண்டு சிறு மரத்துண்டுகளைச் சும்மா வைத்திருப்பார்கள். பெயில்ஸ் என்று பெயர்.

இந்தப் பெயில்ஸ் எதற்கு என்று புரிய எங்கள் தெருவுக்கு வர வேண்டும். மூடிக் கிடக்கும் ஒரு கிடங்கின் சுவரில் கரித்துண்டால் போட்ட மூன்று கோடுகள்தான் இங்கே ஸ்டம்ப். பந்து கோட்டில் பட்டதா, கோட்டுக்கு வெளியே பட்டதா என்று தினமும் பஞ்சாயத்து நடக்கும். கெட்டிக்காரப் பையன் ஒருவன் ஒருநாள் டென்னிஸ் பந்தைக் குழாயடியில் நனைத்துக் கொண்டுவந்து வீசினான். சுவரில் ஈரவட்டம் விழுந்தது. வட்டத்தின் பாதி கோட்டுக்கு உள்ளே, பாதி வெளியே. சண்டை இன்னும் பெரிதாயிற்று. இந்தச் சண்டைக்குத்தான் பெயில்ஸ் மருந்து. பந்து ஸ்டம்பை உரசினால் போதாது. பெயில்ஸ் இடம் பெயர்ந்து விழ வேண்டும், அல்லது ஸ்டம்பே சாய வேண்டும். விழவில்லை என்றால் பந்து ஸ்டம்பில் பட்டது ஊருக்கே தெரிந்தாலும் அவுட் இல்லை. சர்வதேச ஆட்டங்களிலேயே சில முறை இப்படிப் பிழைத்திருக்கிறார்கள்.

ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்கை. 'விக்கெட்' என்பதை வர்ணனையாளர்கள் மூன்று பொருளில் ஆளுவார்கள். நட்டு வைத்த ஸ்டம்புகளும் விக்கெட். ஒருவர் அவுட்டானால் அதுவும் விக்கெட். 'இன்று விக்கெட் நன்றாக இருக்கிறது' என்றால் மண் பட்டையைச் சொல்கிறார்கள். எந்தப் பொருள் என்பதை இடம் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ரன் எடுப்பதில் சூட்சுமம் குறைவு. இரண்டு முனைகளிலும் ஸ்டம்புக்கு முன்னால் ஒரு கோடு போட்டிருக்கும். பந்தை அடித்துவிட்டு ஜோடி இருவரும் எதிரெதிர் முனைக் கோட்டுக்கு ஓடிச் சேர்ந்தால் ஒரு ரன். பந்து தரையில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஓடாமலே நான்கு. தரையில் படாமல் நேரே தாண்டினால் ஆறு. எட்டாத தூரத்தில் போட்ட பந்துக்கு வைடு, வீசுபவர் கோட்டைத் தாண்டி மிதித்தால் நோ-பால். இரண்டுக்கும் எதிரணிக்கு இலவசமாக ஒரு ரன், அந்தப் பந்தை மறுபடியும் வீசவும் வேண்டும்.

அவுட் ஆகும் விதங்கள்தான் புதியவரை மிரட்டும். நாள்தோறும் நடப்பவை ஐந்துதான். பந்து நேரே ஸ்டம்பைச் சாய்த்தால் போல்டு. அடித்த பந்து தரையில் படும் முன் யாராவது பிடித்தால் கேட்ச். ஓடிக் கோட்டைச் சேரும் முன் பந்தால் ஸ்டம்பைத் தகர்த்தால் ரன் அவுட். அடிக்கும் ஆசையில் கோட்டை விட்டு இறங்கி வந்தவர் பந்தைத் தவறவிட, பின்னால் நிற்கும் விக்கெட் கீப்பர் பந்தைப் பிடித்து ஸ்டம்பைத் தட்டினால் ஸ்டம்பிங். தோனியின் கை இதற்குப் பேர்போனது. ஐந்தாவது எல்பிடபிள்யூ, அதாவது 'லெக் பிஃபோர் விக்கெட்', ஸ்டம்புக்குக் குறுக்கே கால். அதற்குத் தனியாக உட்கார வேண்டும்.

அபூர்வமானவையும் உண்டு. 2001-இல் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டில், அதாவது ஐந்து நாள் ஆட்டத்தில், ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்டீவ் வா, காலில் பட்டு எழும்பிய பந்து ஸ்டம்புப் பக்கம் போய்விடுமோ என்ற பதற்றத்தில் அதைக் கையால் தள்ளிவிட்டார். பந்தைக் கையாண்ட குற்றத்துக்காக அவுட். இப்போது அந்த விதி, களத்தடுப்புக்கு இடையூறு செய்தல் என்ற விதிக்குள் சேர்ந்துவிட்டது. 2023 உலகக் கோப்பையில் இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ், தலைக்கவசத்தின் வார் அறுந்து மாற்றுக் கவசத்துக்காகக் காத்திருந்த நேரத்தில், இரண்டு நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராகவில்லை என்று வங்கதேசம் முறையிட, ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் வெளியேறினார். சர்வதேச ஆட்டத்தில் இப்படி அவுட்டான முதல் ஆள் அவர். அண்ணி இதைக் கேட்டு, "நியாயமே இல்லை" என்றார். நியாயம் இல்லைதான். ஆனால் விதி இருக்கிறது.

அந்தச் சம்பவத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. வங்கதேசம் முறையிட்டதால்தான் அவுட். கிரிக்கெட்டில் எதிரணி கேட்காமல் நடுவர் அவுட் கொடுக்க மாட்டார். பதினொரு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு கத்துகிறார்களே, அது வெறும் ஆர்ப்பாட்டம் என்றுதான் அண்ணி நினைத்திருந்தார். அது ஒரு மனு. அவுட்டா இல்லையா என்று நடுவரிடம் முறைப்படி கேட்பது.

இப்போது எல்பிடபிள்யூ. எங்கள் தெருவில் இந்த விதி கிடையாது. சென்னையில் பெரும்பாலான தெருக்களில் கிடையாது. ஏன் என்றால் இதைத் தீர்க்க நடுவர் என்று ஒருவர் நேர்க்கோட்டில் நின்று பார்க்க வேண்டும். தெருவில் நடுவராக நிற்பவன் மட்டை பிடிக்கும் அணியின் பையன். அவன் தன் அண்ணனுக்கு அவுட் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா?

இந்த விதி எதற்குப் பிறந்தது என்று யோசித்தால் பாதி விளங்கிவிடும். ஸ்டம்புக்கு நேராக வரும் பந்தை மட்டையால் தடுப்பது திறமை. அதே பந்தைக் காலைக் குறுக்கே வைத்து மறித்துவிட்டால்? அப்படியே நின்றுகொண்டு நாள் முழுக்கப் பிழைத்துவிடலாமே. அந்தக் காலத்தில் அப்படிச் செய்யவும் செய்தார்கள். 1774-இல் இங்கிலாந்தில் எழுதிய விதிகளிலேயே இதற்குத் தடை வந்துவிட்டது. கால் மறிக்காவிட்டால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா? பட்டிருக்கும் என்றால் அவுட். விதியின் உயிர் இவ்வளவுதான். மற்றவை அதற்குப் போட்ட வேலிகள்.

முதல் வேலி: பந்து மட்டையில் பட்டுவிட்டுக் காலில் பட்டால் அவுட் கிடையாது. இரண்டாவது: பந்து தரையில் குத்திய இடம், பேட்ஸ்மேனின் கால் பக்கமாக ஸ்டம்புகளின் நேர்க்கோட்டுக்கு வெளியே இருந்தால், அது எப்படித் திரும்பி வந்தாலும் அவுட் இல்லை. மூன்றாவது: காலில் பட்ட இடம் ஸ்டம்புகளுக்கு நேரே இருக்க வேண்டும். மட்டைப் பக்கமாகக் கோட்டுக்கு வெளியே பட்டால் பேட்ஸ்மேன் தப்பிப்பார், ஆனால் அவர் அடிக்க உண்மையாக முயன்றிருக்க வேண்டும். மட்டையைத் தூக்கிக்கொண்டு காலை மட்டும் நீட்டினால் அந்தச் சலுகை பறிபோகும். இத்தனையும் பார்த்து நடுவர் முடிவு சொல்ல அவருக்குக் கிடைப்பது இமைப்பொழுது. இன்று முடிவு பிடிக்காத அணி மேல்முறையீடு செய்யலாம். பந்து எங்கே போயிருக்கும் என்று கணினி கோடு போட்டுக் காட்டும். முன்பு நடுவரின் விரல்தான் இறுதித் தீர்ப்பு.

அந்த விரல் எவ்வளவு கனமானது என்பதைச் சேப்பாக்கம் 1986 செப்டம்பரில் பார்த்தது. ஆஸ்திரேலியாவுடன் ஐந்து நாள் டெஸ்ட். வெயில் அப்படி, இருநூறு ரன் தாண்டி 210 எடுத்த டீன் ஜோன்ஸ் களத்திலேயே வாந்தியெடுத்து, பிறகு மருத்துவமனைக்குப் போனார். ஐந்தாம் நாள் கடைசி ஓவர் தொடங்கும்போது இந்தியாவுக்குத் தேவை 4 ரன், கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி மூன்று ரன் எடுத்துக் கணக்கைச் சமன் செய்துவிட்டு மறுமுனைக்குப் போனார். மட்டை இப்போது பதினோராவது ஆள் மணிந்தர் சிங்கிடம். ஐந்தாவது பந்து. கிரெக் மேத்யூஸ் வீசினார். காலில் பட்டது. ஆஸ்திரேலியர்கள் முறையிட, நடுவர் விரலைத் தூக்கினார். இரண்டு அணிகளும் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து எடுத்தவை ஆளுக்கு 744 ரன். மட்டையில் பட்ட பிறகுதான் பந்து காலில் பட்டது என்று மணிந்தர் பின்னாளிலும் சொல்லிவந்தார். ஒரு நூற்றாண்டைக் கடந்த டெஸ்ட் வரலாற்றில் இப்படிச் சரிசமமாக முடிந்தவை இரண்டே ஆட்டங்கள். மற்றது 1960-இல் பிரிஸ்பேனில்.

இதற்கு 'டை' என்று பெயர். 'டிரா' வேறு. டெஸ்டில் ஐந்து நாள் முடிந்தும் கடைசியாக மட்டை பிடித்த அணி இலக்கை எட்டவில்லை, ஆனால் அதன் பத்து விக்கெட்டும் விழவில்லை என்றால் டிரா. கால்பந்தில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிய அண்ணிக்கு இதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. ரன்னில் பின்தங்கிய அணியும் டிராவில் தப்பிக்கலாம் என்பதை அவர் ஏற்றுக்கொள்ள இன்னும் நாளாகும்.

பந்து வீசுபவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். தொலைக்காட்சி மட்டையாளர்களைத்தான் கொண்டாடுகிறது. நிஜத் தோல் பந்தை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். சிறிய சாத்துக்குடி அளவு, எடை 156 முதல் 163 கிராம், கல் மாதிரி இறுக்கம். நடுவில் ஒட்டியாணம் போலச் சுற்றிவரும் தையல். அந்தத் தையல் தரையில் குத்தும் விதத்தில் பந்து திசை மாறும். ஒரு பக்கத்தை மட்டும் கால்சட்டையில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்துக்கொண்டால், காற்றிலேயே பந்து வளையும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் அது வந்துசேர ஏறக்குறைய அரை விநாடி. அதற்குள் பேட்ஸ்மேன் எந்தப் பந்து, எங்கே குத்தும், அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

வீசும்போது கை நேராக வர வேண்டும். மடக்கிய முழங்கையை நிமிர்த்தி எறியக் கூடாது. சர்வதேச ஆட்டங்களில் 15 பாகை வரைதான் சலுகை. மாங்காய்க்குக் கல் எறிவதுபோல எறிகிறவனை எங்கள் தெருவில் 'மாங்கா' என்றே சொல்லி வெளியே நிறுத்திவிடுவார்கள். அளவுகோல், கேமரா எதுவும் வேண்டாம்.

சுழல்பந்து இன்னொரு உலகம். வேகம் குறைவு, விரலாலோ மணிக்கட்டாலோ பந்தைச் சுழற்றி விட்டால் தரையில் பட்டதும் ஒரு பக்கமாகத் திரும்பும். காய்ந்து வெடிக்கும் மண்ணில் இன்னும் அதிகமாகத் திரும்பும். சேப்பாக்கம் சுழலுக்குப் பேர் வாங்கியது இதனால்தான். 1952-இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை அங்கே இங்கிலாந்துக்கு எதிராகப் பெற்றபோது, வினூ மன்கட் ஒரே இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார். 1988-இல் நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே அங்கே 16 விக்கெட் எடுத்தார். 2001-இல் ஹர்பஜன் சிங் 15. மூவருமே சுழல்பந்து வீச்சாளர்கள்.

சுழலில் வடசென்னைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாத ஒரு வகை உண்டு. கேரம் பந்து. நடுவிரலை மடக்கி, பந்துக்கு அடியில் வைத்து, கட்டைவிரலின் துணையோடு ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவது போல வெளியே சுண்டிவிடுவது. வழக்கமான சுழல் ஒரு பக்கம் திரும்பும் என்று எதிர்பார்த்து நிற்பவருக்கு இது எதிர்ப்பக்கம் போகும். 2008 ஆசியக் கோப்பை இறுதியில் இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் இதை வைத்து இந்தியாவின் 6 விக்கெட்டுகளை 13 ரன்னுக்கு அள்ளினார். நம் அஸ்வின் இதைச் சென்னையின் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் பார்த்துப் பழகியவர். இங்கே அதற்கு 'சொடுக்குப் பந்து' என்று பெயர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா நம் புது வண்ணாரப்பேட்டைப் பெண். விரலால் சுண்டுவதன் அருமையை இந்தப் பக்கத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் சொன்ன பேரத்துக்குத் திரும்பலாம். ஒரு விக்கெட்டின் விலை எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் வஞ்சிரத்துக்கு இருக்கும் மவுசு, வெயில் ஏறி ஐஸ் கரைந்த பிறகு இருக்காது. டி20-இல் விக்கெட் அப்படித்தான். 120 பந்துக்குப் பத்து விக்கெட் என்றால் சராசரியாகப் பன்னிரண்டு பந்துக்கு ஒருவர் அவுட்டானாலும் கட்டுப்படியாகும். அதனால் முதல் பந்திலிருந்தே வீசி அடிக்கிறார்கள். முதல் ஆறு ஓவரில், பிட்ச்சைச் சுற்றிக் குறித்திருக்கும் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டே தடுப்பாளர்களை நிறுத்தலாம் என்ற விதி அந்தப் பசிக்குத் தீனி. ஒருநாள் ஆட்டத்தில் 300 பந்து, கொஞ்சம் நிதானம் வரும். டெஸ்டில் நாளொன்றுக்கு 90 ஓவர் வீதம் ஐந்து நாள், ஒவ்வொரு அணிக்கும் இரண்டு இன்னிங்ஸ். பந்துக்குப் பஞ்சமே இல்லை, விக்கெட் தங்கம். ஒரு மணி நேரம் நின்று பத்து ரன் எடுத்தவரை அரங்கமே கைதட்டுவது அதனால்தான்.

விலை தெரியாமல் வியாபாரம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டு உதாரணமே உண்டு. 1975-இல் முதல் உலகக் கோப்பை, லார்ட்ஸ் மைதானம், அப்போது ஆட்டம் 60 ஓவர். இங்கிலாந்து 334 ரன் எடுத்தது. சுனில் கவாஸ்கர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, 60 ஓவரும் நின்று, 174 பந்துகளில் 36 ரன். அவுட்டும் ஆகவில்லை. இந்தியா 3 விக்கெட்டுக்கு 132. ஏழு விக்கெட்டைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு 202 ரன்னில் தோற்றோம். டெஸ்டில் அவர் மகா ஆட்டக்காரர். அன்று மட்டும் அழுகப்போகும் மீனைத் தங்கம் போலப் பாதுகாத்தார்.

மறுபக்கத்தை 1999 ஜனவரியில் சேப்பாக்கம் பார்த்தது. பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட், இலக்கு 271. முதுகு வலியோடு சச்சின் 136 எடுத்து, அணியை 254-க்குக் கொண்டுவந்து அவுட்டானபோது தேவை 17 ரன். மீதி விக்கெட்டுகளும் நான்கு ரன்னுக்குள் சரிந்தன. 258-க்கு எல்லோரும் அவுட், தோல்வி 12 ரன்னில். நேரம் நிறைய இருந்தது. செலவழிக்க ஆள் இல்லை. அரங்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியதை என் அப்பா இன்றும் சொல்வார். தோற்ற வருத்தத்தையும் அதே மூச்சில் சொல்வார்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே உபாயம், பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்ட வேண்டாம் என்பதுதான். கேமரா அதைப் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு பந்துக்கும் முன்பு தடுப்பாளர்கள் எங்கே நகர்கிறார்கள் என்று பாருங்கள். கேப்டன் பேட்ஸ்மேனுக்கு அருகே ஆளைக் குவித்தால் விக்கெட் தேடுகிறார். எல்லைக்கோட்டுக்கு அனுப்பினால் ரன்னைச் சுருக்குகிறார், இல்லையேல் தூண்டில் போடுகிறார். மைதானத்தில் நேரே பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கிச் சேப்பாக்கத்துக்கு நடந்தே போய்விடலாம்.

அண்ணி இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் வடகம் காயவைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஆட்டம். கேப்டன் பையன் இரண்டு பேரை டிரான்ஸ்பார்மர் பக்கம் பின்னே போகச் சொல்லிக் கையசைத்தான். அண்ணி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இப்போது அவனைத் தூக்கி அடிக்கச் சொல்லித்தான் போடப் போகிறார்கள், பாருங்கள்."

மெதுவாக, மேலே மிதக்கவிட்ட ஒரு பந்து. பேட்ஸ்மேன் பையன் முழு பலத்தோடு சுழற்றினான். டிரான்ஸ்பார்மரையும் அந்த இரண்டு பேரையும் தாண்டி, பந்து நேரே எங்கள் மாடிக்கு வந்து வடகத்தின் நடுவில் விழுந்தது. எங்கள் தெருச் சட்டப்படி மாடியில் விழுந்தால் அவுட். பையன் சிக்ஸர் என்று வாதாடிக்கொண்டிருந்தான். அண்ணி பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தெருவை எட்டிப் பார்த்து, வலது கையின் ஆள்காட்டி விரலை உயர்த்தினார்.